லீவுப் புத்தகம் பார்க்கிறவர்

புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என் மகள் ஷைனி அதைச் சொன்னாள். நேரம் சரியாகத் தெரியும். அந்த ஆபீஸ் வராந்தாவில் எனக்கு எதிரே ஒரு சுவர்க் கடிகாரம் மட்டும்தான் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்டர்வியூ நடக்கிற அறையின் கதவுக்கு மேலே காற்றுக்காக ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். அது வழியாக அவள் குரல் வந்தது. வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையின் குரல் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"சார், நான் போய்ப் பாத்த கம்பெனிக்க முதலாளி எனக்குத் தாய்மாமன். மூணு வாரம் முன்னாலயே உங்களிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல்ல."

மலையாளத்தில்தான் சொன்னாள். எனக்கு எங்கள் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. அதன்பிறகு உள்ளே யாரோ பேனாவை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது.

சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொன்னது நான்.

அந்த அறையில் நாலு பேர் இருந்து கேள்வி கேட்டார்கள். ஐந்தாவதாக ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவர் இல்லை. எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவர் அவர். இதெல்லாம் நடந்து நாலு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் வெளியே ஏதாவது விசேஷத்துக்குப் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் அவர் இருந்து கண்ணை ஓட்டிக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கிறது எனக்கு. நிம்மதியாக ஒரு பந்தியில் சாப்பிட முடியவில்லை.

உதியன்குளங்கரையில் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். நான் பாறசாலையில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர். மாடியில் இரண்டு அறையும் ஓர் அடுக்களையும் சும்மா கிடந்தன. அவர் வீடு பார்க்க வந்த அன்று கையில் பாதி மடக்கிய குடையும் தோளில் ஒரு தோல் பையும் இருந்தன. நாற்பதை ஒட்டிய வயதுப் பெண். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பார் என நினைத்தேன். இதற்கு முன்னால் வீடு கேட்டு வந்தவர்களில் யார் யாருக்கு இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டார்.

அந்த மாதம்தான் இரண்டு குடும்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தேன். வெளியே சொல்லும்படியான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

பேச்சை மாற்ற, எங்கள் பக்கத்தில் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன். எந்தச் சபை?

"ஞாயிற்றுக்கிழமை நான் உறங்குவேன், டீச்சரே" என்றார்.

மூன்று வருடத்தில் அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பெயரும் எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற பெயர். ஓணத்துக்குப் பாயசம் கொடுத்தால் வாங்கினார், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தால் வாங்கினார், இரண்டுக்கும் பாத்திரத்தைக் கழுவி அதில் பத்து நேந்திரங்காய் வற்றல் போட்டுத் திருப்பித் தந்தார். தெருவில் உள்ளவர்களுக்கு இது பெரிய தொந்தரவாக இருந்தது. பால்காரர் ஒரு மாதம் யோசித்துவிட்டு, "வல்ல சி.ஐ.டி.யும் ஆக்கும் டீச்சர்" என்று எனக்கு எச்சரிக்கை தந்தார்.

அவர் வேலையும் கிட்டத்தட்ட சி.ஐ.டி. வேலை மாதிரிதான். திருவனந்தபுரத்தில், புதிதாகத் தொடங்குகிற கம்பெனிகளில் பங்கு போடுகிற ஒரு நிறுவனம். வென்ச்சர் கேப்பிட்டல் என்று அதற்குப் பெயர். அந்த வருடங்களில் அது புதுச் சமாச்சாரம். லோன் இல்லை. கம்பெனி வளர்ந்தால் இவர்களும் வளர்வார்கள், முங்கினால் சேர்ந்தே முங்குவார்கள். எங்கள் ஊரில் அதை வட்டியில்லாத லோன் என்றுதான் புரிந்துகொண்டார்கள். பணம் போடுவதற்கு முன்னால் அந்தக் கம்பெனியைப் போய்ப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது இவர் வேலை.

மற்றவர்கள் போனால் மெஷினைப் பார்ப்பார்களாம், சரக்கைப் பார்ப்பார்களாம். இவர் போனதும் பெண்கள் கக்கூஸ் எங்கே என்று கேட்பார். ஒரு இடத்தில் முதலாளி பதறிப்போய், ரோட்டைக் கடந்து தன் சொந்த வீட்டுக்குக் கூட்டிப்போனாராம். அந்தக் கம்பெனி கொடுத்த விண்ணப்பத்தில் நாற்பது பெண்கள் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தது. "நாப்பது பேரும் ரோட்டக் கடந்து உங்க வீட்டுக்குத்தான் வாறாங்களான்னு கேட்டேன், டீச்சரே. மனுஷன் எனக்கு ரெண்டாவது இளநீ வெட்டித் தந்தாரு" என்று மாடிப்படியில் நின்று சொன்னார். அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. படியில் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபடிதான் எல்லாப் பேச்சும்.

அடுத்து, லீவுப் புத்தகம். யார் யார் என்றைக்கு லீவு எடுத்தார்கள் என்று வருடம் முழுவதையும் புரட்டிப் பார்ப்பார். ரம்ஜானுக்கு நாலு பேர், ஈஸ்டருக்கு ஏழு பேர், சிவராத்திரிக்கு ஐந்து பேர் என்று சிதறிக் கிடந்தால் அவர் முகம் தெளியும். எல்லாரும் ஒரே நாளில் லீவு என்றால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இங்கே யார் இல்லை என்று கேட்பார். யார் இருக்கிறார்கள் என்று எந்த முதலாளியும் சொல்வான், யார் இல்லை என்று சொல்ல அவன் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டும், அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் பஸ் ஏறிப் போகிறேன் என்பார்.

அவருக்கு அது ஆபீஸோடு நின்ற பழக்கம் இல்லை. கல்யாண வீட்டுக்கு வந்தால் பந்தியைப் பார்ப்பார். எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வந்து மேடையைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவர் கண் ஓடுவதைப் பார்த்தால் நமக்கும் எண்ணத் தோன்றும். அதனால் பலருக்கு அவரைப் பிடிக்காது. சில நாள் எனக்கும்.

நான் மாலையில் வீட்டு முன்னறையில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் பரீட்சைக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பேன். சம்பளம் வாங்குவதில்லை. அதைப் பற்றி எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒரு நாள் அவர் படியில் நின்று பார்த்துவிட்டு, பிள்ளைகள் போனபிறகு, செங்கல் சூளைப் பக்கத்துப் பிள்ளைகள் ஒருத்தரும் இல்லையே என்றார். யாரும் கேட்கவில்லை, கேட்டால் சேர்த்துக்கொள்வேன், நான் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை என்றேன்.

"கேக்கலாம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் எங்கள் சர்ச் ஆட்களின் பிள்ளைகள், கூட வேலை பார்க்கிற டீச்சர்களின் பிள்ளைகள் என்பது அதுவரைக்கும் என் மனசில் ஏறியதே இல்லை. ஒரு மாதம் கழித்து ரேஷன் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். சூளையில் இருந்து ஒரு பெண் வந்தாள், இரண்டு வாரம் இருந்தாள், பிறகு நின்றுவிட்டாள். நான் போய்க் கேட்கவில்லை. அவரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அவர் ஒருமுறை தப்பும் செய்தார். அதையும் அவரே சொன்னார். காஞ்சிரங்குளத்தில் வலை பின்னுகிற ஒரு சின்னக் கம்பெனி. அத்தனை பேரும் ஒரே கடற்கரைக் குடியிருப்புப் பெண்கள். லீவுப் புத்தகம் ஒரே கோடாக இருந்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டார். ஒரு வருடம் போன பிறகு பஸ்ஸில் அந்தக் கம்பெனி நடத்துகிற அம்மாவைப் பார்த்திருக்கிறார். மற்ற ஊர்களில் போய் வீடு வீடாகக் கூப்பிட்டோம், மீன்காரிகளோடு உட்கார்ந்து வேலை செய்ய மாட்டோம் என்று ஒருத்தரும் வரவில்லை, அதனால்தான் நாங்கள் மட்டும் இருந்தோம் என்று அந்த அம்மா சொன்னாராம்.

"யாரு இல்லன்னு எழுதினேன், டீச்சரே. கூப்பிட்டும் வராதது யாருன்னு கேக்கல்ல."

அன்று அவர் படியில் நின்ற நிற்பு வேறு மாதிரி இருந்தது. மறுபடி போய் அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லிக் கேட்டாராம். அதற்குள் அவர்கள் கம்பெனியை மூடியிருந்தார்கள்.

மாடியில் இருந்த இந்த மனுஷியின் ஆபீசுக்குத்தான் ஷைனி வேலைக்கு விண்ணப்பித்தாள். எம்.பி.ஏ. முடித்து ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தாள். ஏறின இன்டர்வியூக்களில் ஒன்று கிடைத்தாலும் வெளியூர், வெளிமாநிலம். இது ஒன்றுதான் வீட்டில் இருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய வேலை. எனக்கு ஆசை வந்துவிட்டது. அன்று மாலையே படியடியில் போய் நின்று, உங்களுக்குத் தெரிந்த பிள்ளை, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஷைனி பெயரைப் பட்டியலில் பார்த்த அன்றே, இவள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன், அதனால் இந்த இன்டர்வியூவில் நான் உட்கார மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். முடிவு தெரிகிறவரை கீழே டீ குடிக்கவும் வரமாட்டேன் என்றார். மறுநாளில் இருந்து பின்பக்கத்து இரும்புப் படியில் ஏறி இறங்கினார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இவ்வளவு வருடம் பழகி, இவ்வளவுதானா என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் தெரிந்தவர்கள் இருப்பதே உதவிக்குத்தான்.

அந்த நிறுவனத்தின் இன்டர்வியூ ஒரு தனி முறை. பணம் கேட்டு வந்த கம்பெனிகளில் ஒன்றைச் சீட்டு எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுப்பார்கள். மூன்று வாரத்தில் அதைப் போய்ப் பார்த்து, இதில் நீயாக இருந்தால் பணம் போடுவாயா என்று வந்து சொல்ல வேண்டும். ஷைனிக்கு வந்த சீட்டில் கள்ளிக்காட்டில் உள்ள ரப்பர் கையுறைக் கம்பெனி என்று இருந்தது. அது என் அண்ணனுடையது.

உடனே போன் செய்து சீட்டை மாற்றித் தரச் சொல்கிறேன் என்றாள் அவள். நான் விடவில்லை. கடவுளே கொண்டுவந்து தந்த மாதிரி எனக்குத் தோன்றியது. மாமா எல்லா விவரமும் தருவார், இவள் நன்றாகச் சொல்வாள், அண்ணனுக்குப் பணமும் கிடைக்கும், இவளுக்கு வேலையும் கிடைக்கும். இனிஷியலும் வேறு, வீட்டுப்பேரும் வேறு, யாருக்குத் தெரியப் போகிறது? பாறசாலைக்கும் கள்ளிக்காட்டுக்கும் இடையில் யார் யாருக்குச் சொந்தம் இல்லை? அப்படிப் பார்த்தால் யாரும் யாரைப் பற்றியும் பேச முடியாது என்றேன். அவள் போனைக் கீழே வைத்தாள்.

நானும் கூடப் போனேன். அண்ணன் ஜீப் அனுப்பியிருந்தார். டாம் பக்கத்துக் காற்று, ரப்பர் பாலின் புளித்த வாடை. உள்ளே பீங்கான் கைகள் வரிசை வரிசையாகத் தொங்கி, பாலில் முங்கி எழும்பி, காய்ந்து, கையுறையாக உரிந்து வந்தன. அண்ணனுக்குப் பேச்சு நிற்கவில்லை. நல்ல மனுஷன். எங்கள் அப்பா மரித்தபிறகு என்னைப் படிக்க வைத்தது அவர்தான்.

"மக்கா, பாத்துக்கோ. வாட்ச்மேன் முதல் மேனேஜர் வர எல்லாம் நம்ம சபைக்காரங்களாக்கும். ஒரு களவு உண்டா? ஒரு கொடி பிடிப்பு உண்டா? ஒரு குடும்பமாக்கும்."

பெருமையோடு ஒரு கதையும் சொன்னார். எங்கள் பழைய போதகர் மரித்த அன்று சர்ச்சில் மணி அடித்ததும் ஒருத்தர் விடாமல் இறங்கிப் போய்விட்டார்களாம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஓட்டுகிறவன் அடக்க ஆராதனையில் பாட்டுப் பாடப் போயிருந்தான். பாலைக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடை கட்டி இறுகிவிடும். இரண்டு தொட்டி பால் இறுகிப்போனது. "போட்டும். இந்த ஒற்றுமை எங்க கிட்டும்?" என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஷைனி லீவுப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். மாடியில் இருக்கிறவர் இவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுத்ததில்லை. படியில் நின்று என்னிடம் பேசியதை இவள் அறைக்குள் இருந்து கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். அண்ணன் வேடிக்கையாகச் சிரித்து எடுத்துத் தந்தார். கன்வென்ஷன் கூட்டம் நடந்த மூன்று நாள், போதகர் அடக்கம், சபை ஆண்டுவிழா. பக்கம் முழுக்க மேலிருந்து கீழே ஒரே கோடு. வேலைக்கு ஆள் எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டாள். அதில் என்ன ரகசியம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிக்கை வாசிக்கிறபோது அதையும் சேர்த்து வாசிப்பார்கள் என்றார்.

அது எனக்கும் தெரியும். எத்தனையோ ஞாயிறு நானே கேட்டிருக்கிறேன். கல்யாண அறிக்கை, வீட்டு ஜெபக்கூட்டம், அதோடு, கள்ளிக்காட்டிலே நம்முடைய சகோதரரின் கம்பெனிக்கு ஆறு பெண்பிள்ளைகள் தேவை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அண்ணன் செய்கிற நன்மை என்றுதான் நாங்கள் எல்லாரும் அதைக் கேட்டோம். நன்மைதான்.

இன்டர்வியூக்கு இரண்டு நாள் முன்னால் ஷைனி அடுக்களையில் வந்து நின்றாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, மாமா யாரையும் விரட்டல்ல. அதாக்கும் கஷ்டம். விரட்டியிருந்தா சொல்ல எளுப்பம்."

"அவங்க கேக்காத காரியத்த நீ என்னத்துக்கு இளுத்து வச்சு சொல்லணும்? மெஷினு நல்ல மெஷினு. சரக்கு நல்ல சரக்கு. அத சொல்லிட்டு வா."

"நல்ல மெஷினுதான். ஒரு மரிப்பு வந்தா நின்னு போற மெஷினு."

மாமா உனக்கு யார் என்று நினைத்துப் பார் என்றேன். நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை என்றாள். சொன்னால் மாமாவுக்குத் துரோகம். சொல்லாவிட்டால், பார்த்தும் பார்க்காத மாதிரி வந்தவள் என்று ஆகும். அதையும் பிரசங்கம் மாதிரிச் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள், உலகத்தைத் திருத்த வந்தவளா நீ என்பார்கள். எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை என்றாள். நான் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் மேலும் ஏதோ சொன்னாள். நான் என்ன என்று கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். சீட்டு யாருடைய கம்பெனிக்கு வந்திருக்கிறது என்பதையே சொல்லி, என்ன செய்ய என்று கேட்டுவிடலாம் என்று போனேன். உள்ளே நடமாட்டம் நின்றது. கதவு திறக்கவில்லை.

"டீச்சரே, போயிருங்க. நான் இந்தக் கதவத் தெறந்தா உங்க மகளுக்குத்தான் நஷ்டம்."

குரலில் கோபம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நெருங்கி நின்று பேசினார் என்று தெரிந்தது. நான் இறங்கிவிட்டேன்.

பதினொன்று இருபதுக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பேனாவைக் கீழே வைத்த மனுஷன்தான் அங்கே பெரியவர் போலிருந்தது, கனத்த குரல். சொந்தம் என்பது இருக்கட்டும், பார்த்ததைச் சொல் என்றார். அவள் மெஷினைச் சொன்னாள், சரக்கைச் சொன்னாள், வாங்குகிறவர்களைச் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசியில், வேலை பார்க்கிற எல்லாரும் ஒரே சபை என்றாள்.

அதற்காக நாங்கள் பணம் போடக் கூடாதா, நாளைக்கு என்னிடமும் எந்தச் சபை என்று கேட்பாயா என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். இதுதான் அவள் பயந்த சிரிப்பு என்று நினைத்தேன்.

"அவங்க எந்தச் சபைங்கிறது பிரச்சினை இல்ல சார். ஒரே வாசல் வழியா மட்டும் ஆள் வாறதாக்கும் பிரச்சினை" என்றாள். போதகர் அடக்கத்தன்று இரண்டு தொட்டி பால் இறுகியதைச் சொன்னாள். ஆள் எடுப்பதை எங்கே வாசிக்கிறார்கள் என்று சொன்னாள். பிறகு, நான் அறியாத ஒன்றையும் சொன்னாள். அவள் இன்னொரு நாள் தனியாகக் கள்ளிக்காட்டுக்குப் போயிருக்கிறாள். மாமா கம்பெனிக் கேட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்று, அதே கேட்டைத் தாண்டி வேறு ஊருக்கு வேலைக்குப் போகிற பெண்களிடம் பேசியிருக்கிறாள். இங்கே ஏன் கேட்கவில்லை என்று கேட்டாளாம். இங்கே வெளியாட்களை எடுப்பார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது என்றார்களாம். கூப்பிட்டால் வருவீர்களா என்றும் கேட்டாளாம். வருவோம் என்று ஒன்பது பேர் பெயர் தந்திருக்கிறார்கள். அந்தத் தாளை மேசையில் வைத்தாள் போல, தாள் சத்தம் கேட்டது.

"மாமா யாரையும் விலக்கல்ல. கூப்பிடவும் இல்ல. நானா இருந்தா பணம் போடுவேன் சார். ரெண்டாவது ஷிப்டுக்கு வெளியில எழுதி ஒட்டி ஆள் எடுத்த பெறவு போடுவேன்."

பிறகு அந்தக் கனத்த குரல் கேட்டது. இவ்வளவு பார்க்கத் தெரிந்த நீ, சொந்தம் என்பதை மூன்று வாரம் மறைத்தாயே, உன்னை நாங்கள் எப்படி நம்புவது? யார் மறைக்கச் சொன்னது?

நான் பெஞ்சில் இருந்து எழுந்தேன். மூன்று எட்டு வைத்தால் கதவு. உள்ளே போய், மறைக்கச் சொன்னது நான், இவள் தாய் என்று சொல்லியிருக்கலாம். கையைக் கதவில் வைத்தும்விட்டேன்.

"யாரும் சொல்லல்ல சார். நானாத்தான்."

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தேழு.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். நெய்யாற்றின்கரை தாண்டினபிறகு, நீ வெளியே இருந்து கேட்டாயா என்றாள். கேட்கவில்லை என்றேன். சரி என்றாள். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு காத்திருப்பு. தபால்காரர் வருகிற நேரம் எனக்குப் பள்ளியில் வகுப்பு. மதிய இடைவேளையில் அடுத்த கடையில் இருந்து வீட்டுக்குப் போன் செய்வேன். இல்லை என்பாள். மாடியில் காலடிச் சத்தம் கேட்டால் நான் கை வேலையை நிறுத்திவிடுவேன். அந்தக் காலடிக்கு எல்லாம் தெரியும், அது எங்கள் தலைக்கு மேலே நடந்துகொண்டே இருக்கிறது, இறங்கி வராது. பாத்திரம் விழுந்தால்கூட அதில் ஏதும் சேதி இருக்குமோ என்று யோசித்தேன்.

இரண்டாவது ஞாயிறு சர்ச் வாசலில் அண்ணன் என்னிடம் வந்தார். நிறுவனத்தில் இருந்து அவருக்குக் கடிதம் வந்துவிட்டது. வெளியில் ஆள் எடுத்தபிறகு பேசலாம் என்று. ஷைனி இரண்டடி தள்ளி நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"அவ சொன்னதுல பொய் இல்ல. ஆனா அத எனக்க மருமக வாயில இருந்தா நான் கேக்கணும்?"

அதற்குமேல் நிற்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார். அன்று அறிக்கை வாசித்தபோது கள்ளிக்காட்டுக் கம்பெனியைப் பற்றி ஒன்றும் இல்லை. வேறு எங்காவது எழுதி ஒட்டினாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் இல்லை. சீட்டை மாற்ற விடாததும் நான், மறைக்கச் சொன்னதும் நான் என்று அவரிடமாவது சொல்லியிருக்கலாம். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை. பள்ளியில் இருந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. முன்பக்கத்துக் கேட் திறந்தது. அண்ணன் என்று நினைத்து ஷைனி உள்ளே போய்விட்டாள். அவர்தான், மாடியில் இருந்தவர். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முன்வாசல் வழியாக வந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். முதல் தடவையாக உட்கார்ந்தார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன், பாறசாலை ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு பார்த்துவிட்டேன் என்றார். எங்களால் ஏதும் குறையா, கதவைத் தட்டினேனே, அதனாலா என்று கேட்டேன். ஷைனி அறை வாசலில் வந்து நின்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆர்டர் நாளைக்குத் தபால்ல வரும், அதுவரைக்கும் நான் ஒண்ணும் சொல்லல்ல. எங்க ஆபீசுல ஆகெ பத்துபேரு, டீச்சரே. அதுல ரெண்டுபேரு ஒரே வீட்டுல இருந்து எறங்கி வந்தா, பின்ன நான் அடுத்தவனுக்க கம்பெனியில போய் நின்னு என்ன கேக்க?"